நான்காவது வரியின் நிறம்

6 ஜனவரி 2025, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை லீவு. ஜொகூர்க்காரனுக்கு ஞாயிறு லீவு கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த மாதம் முதல் வெள்ளி வேலை நாள், ஞாயிறு லீவு என்று மாநிலம் மாற்றிவிட்டது. மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பழைய பழக்கத்தில் ஏழு மணி வரை படுத்துக் கிடந்தேன். பிரவீனாதான் தோளைத் தட்டி எழுப்பினாள். "இன்னிக்கி வேலைங்க. ஊருக்கே நாள் குறிச்சுக் கொடுக்கிறவரு, உங்க நாள மறந்துட்டீங்களே." இந்த நக்கலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

நாள் குறிப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கின் பின்பக்கம் ஒரு ரத்தச் சுத்திகரிப்புக் கட்டடம் எழும்பப் போகிறது. எந்த வேலை எந்த நாளில் தொடங்கும், எந்த நாளில் முடியும், எது தவறினால் எது கெடும், கெட்டால் செலவு எவ்வளவு என்று குத்தகைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவன் நான். கீழே பன்னிரண்டு நாற்காலி, மாடியில் மருந்துக் கிடங்கு. முடிக்க வேண்டிய நாள் செப்டம்பர் 22.

இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். பிரவீனா செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அய்யாவு அண்ணன் வேனில் ஜொகூர் பாரு போய் வருகிறாள். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, நடுவில் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷினோடு. மூன்று வருடமாக இப்படி. பக்கத்து ஊர்களில் எல்லாம் காத்திருப்போர் பட்டியல். இந்தக் கட்டடம் முடிந்தால் அவள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

காலையில் கம்ப்யூட்டரில் வாரத்தை மாற்றினேன். வெள்ளியைத் திறந்து ஞாயிறை மூடினேன். முடிவுத் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

16 ஜனவரி, வியாழன்

பதினெட்டு மீட்டரில் நிற்க வேண்டிய அஸ்திவாரத் தூண் இருபத்தாறு மீட்டர் போய்த்தான் நின்றது. அடுத்ததும் அப்படியே. கீழே எல்லாம் சேறு. மண் பரிசோதனையை ஐந்து இடத்தில் செய்யச் சொல்லி எழுதினேன். மூன்று போதும் என்றார்கள். செலவு மிச்சமாம். மிச்சப்படுத்திய லட்சணத்தை இப்போது எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள்.

என்னிடம் ஓர் அபாயப் பட்டியல் இருக்கிறது. இருபத்திரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கண் வைத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் தேதி போய்விடும். நான்காவது வரி மண். ஐந்து வாரம் போகும் என்று கணக்குப் போட்டுச் சிவப்பு வைத்தேன்.

21 ஜனவரி, செவ்வாய்

குணாளன் கூப்பிட்டார். புரோஜெக்ட் மேனேஜர். என்னைவிட நான்கு வயது இளையவர். கோபப்படவே மாட்டார், அதுதான் தொல்லை.

"ரூபன், சிவப்ப எல்லாம் மீட்டிங் ரூமுக்குள்ள கொண்டாரக் கூடாதுலா. சிவப்பப் பாத்தா பொதுப்பணி இலாகால லெட்டர் போடுவாங்க. லெட்டர் வந்தா மேல உள்ளவங்க என்னைக் கேப்பாங்க. மஞ்சள்னா டீயக் குடிச்சிட்டுப் போயிருவாங்க."

"அஞ்சு வாரம் போயிருச்சு பாஸ்."

"பின்னால பிடிச்சிக்கலாம். கடைசில முப்பது நாள் நீ ஒளிச்சு வச்சிருக்கீல்ல? அதுல எடு."

ஒளித்து வைக்கவில்லை. எங்கள் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று தெரிந்து, சொல்லித்தான் வைத்தேன். அந்த முப்பது நாளும் மண்ணுக்குப் போனால் மழைக்கு என்ன மிஞ்சும்?

அதை அவரிடம் கேட்கவில்லை. மஞ்சளாக மாற்றினேன். இலாகாவுக்குப் போகும் மாத அறிக்கையின் அடியில் 'தயாரித்தவர்: ரூபேந்திரன்' என்று கையெழுத்தும் போட்டேன். கோவிட் நேரத்தில் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன் நான். பிரவீனாவின் ஊசி மருந்துக்குக் கம்பெனிதான் காசு தருகிறது. காரணம் கேட்டால் நிறைய இருக்கிறது.

23 ஜனவரி, வியாழன்

மீட்டிங். நான்காவது வரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீயும் கறிபப்பும் நன்றாக இருந்தன.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். மெஷினுக்குத் தைப்பூசம் கிடையாது. அய்யாவு அண்ணன் வேனுக்குள் திருநீறு வைத்திருந்தார். பிரவீனா ஜன்னல் வழியாகக் கை காட்டிவிட்டுப் போனாள்.

நான்காவது வரி: மஞ்சள்.

12 மார்ச், புதன்

நஜ்வா போன் செய்தாள். பிரவீனா போகும் மையத்தில் தாதி, நம்ம தமிழ்ப் பெண். "அக்கா, இங்க ஜொகூர் பாரு தாம்போய்ல எங்க கிளையில காலை ஷிப்ட் ஒண்ணு காலியாயிருக்கு. உங்க அக்கா வீடு அங்கதானே? நடந்தே வரலாம். வெள்ளிக்குள்ள சொல்லிருங்க, பின்னால பதினஞ்சு பேர் நிக்கிறாங்க."

காலை ஷிப்ட் என்றால் பதினொன்றுக்கே முடிந்துவிடும். வேன் இல்லை, ஐந்து மணி நேரச் சாலை இல்லை. ஆனால் அக்கா வீட்டில் போய்த் தங்க வேண்டும். இங்கே திங்கள், புதன், வெள்ளி பாலர் பள்ளியில் அவள் பாடம் எடுக்கிறாள். இருபத்து மூன்று வாண்டுகள். அந்த மூன்று நாள்தான் அவளை எழுப்பி நிறுத்துகிறது. அதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள்.

"நீங்க சொல்லுங்க. இங்க எப்ப முடியும்?"

நான் கட்டடத்தின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். பெருமைதான், வேறென்ன. பன்னிரண்டு நாற்காலியையும் எண்ணிக் காட்டினேன். ஏழாம் எண் ஜன்னல் பக்கம். வெளியே கிளினிக்கின் மாமரம் தெரியும். அவள் விரலை அதில் வைத்தாள். "இது எனக்கு."

"செப்டம்பர்ல முடிச்சிருவோம். தீபாவளிக்கு முந்தின வாரம் நீ இங்கயே உக்காந்திரலாம்."

"உறுதியாங்க?"

"உறுதி."

சுவரில் மாட்டியிருந்த, குதிரைப் பந்தய நாள் போட்ட காலண்டரைக் கழற்றி, அக்டோபர் மாதத்தைத் தேடிப் பதினான்காம் தேதியைச் சிவப்புப் பேனாவால் சுற்றினாள். செவ்வாய்க்கிழமை. பிறகு நஜ்வாவைக் கூப்பிட்டு, வேண்டாம்மா, வேற ஆளுக்குக் கொடுத்திரு, பாவம் என்றாள்.

சரி, இங்கே மட்டுமாவது எழுதி வைக்கிறேன். உண்மைக் கணக்குப்படி மண் தின்ற ஐந்து வாரம் வேலையை மழைக்காலத்துக்குள் தள்ளிவிடும், டிசம்பர் நடுவில்தான் முடியும். ஆபீஸில் மஞ்சள் பூசிப் பூசிக் கை பழகிவிட்டது, வீட்டுக்கும் அதையே கொண்டு வந்துவிட்டேன். பொய் என்று தெரிந்தா சொன்னேன்? பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். குணாளனும் அப்படித்தான் நினைக்கிறார்.

18 ஏப்ரல், வெள்ளி

நோன்பு மாதம் முடிந்து பெருநாளும் போயிற்று. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். தூண்கள் எழும்பிவிட்டன. குணாளன் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். கீழிருந்து எடுத்தால் உயரமாகத் தெரியுமாம். கீழிருந்தே எடுத்தேன்.

7 மே, புதன்

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். சனிக்கிழமை அறிக்கை போகிறது. அதற்குள் 'தளம் முடிந்தது' என்று எழுதினால்தான் மஞ்சள் மஞ்சளாக இருக்கும் என்கிறார் குணாளன். கம்பி கட்டி முடிய நாளைச் சாயங்காலம் ஆகிவிடும். ஆக, வெள்ளி.

சைட் மேற்பார்வையாளர் ஹாரூன் அட்டவணையைப் பார்த்துவிட்டு என் கண்டெய்னர் ஆபீஸுக்கே வந்தான்.

"அண்ணே, வெள்ளிக்கெழமையா? பன்னெண்டுக்கே கான்கிரீட் கலக்குற பிளாண்ட்டு நின்னுரும். லோரி டிரைவருங்க எல்லாம் ஜும்மாக்குப் போயிருவாங்க. மூணு மணிக்கு மேலதான் வருவாங்க. நானும் போவேன்ல?"

"காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பத்து லோரி. பதினொன்றரைக்கு முடிஞ்சிரும் ஹாரூன்."

"எல்லாம் சரியா வந்தா முடியும். ஒண்ணு லேட்டானா பாதில நிக்கும். பத்து வருஷமா நம்ம யாரும் வெள்ளிக்கெழம கான்கிரீட் போட்டதில்ல அண்ணே. சனிக்கெழம போடுவோமே."

என் கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது மணி நேரம் என்று இருக்கிறது. ஜனவரியில் நானே திறந்த நாள். நடுவில் மூன்று மணி நேர ஓட்டை இருப்பதை நான் அதற்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் தளம் சனிக்குப் போகும், அறிக்கை போகும், நிறம் போகும், குணாளனின் சிரிப்பு போகும்.

"பாத்துக்கலாம்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். அண்ணன் என்ற மரியாதை.

9 மே, வெள்ளி

பம்பு லோரி ஏழுக்கு வரவில்லை. ஒன்பது இருபதுக்கு வந்தது. வழியில் டயராம். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது லோரி இறங்கும்போது பன்னிரண்டு பத்து. அதோடு சரி. ஹாரூன் சொன்னான்: "கான்கிரீட்டு இந்த எடத்துல நிக்கக் கூடாது அண்ணே. தூணுக்குப் பக்கத்துல இருக்கு. பலக அடிச்சு முன்னாலயே நிப்பாட்டியிருக்கணும்." முன்னாலேயே நிறுத்தியிருந்தால் ஒழுங்கான இணைப்பாக இருந்திருக்கும், இன்ஜினியரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். குணாளனுக்குப் போன் போட்டேன். "அப்படியே விடு, மூணு மணிக்கு மிச்சத்தப் போடு. மேல பூசிட்டா எவனுக்குத் தெரியும்."

தொழுகை முடிந்து லோரி மூன்று நாற்பதுக்கு வந்தது. மூன்றரை மணி நேரம் மே மாத வெயில். காலையில் போட்டது கல்லாகிவிட்டது. அதன் பக்கத்தில் புதுக் கலவையை ஊற்றினோம். ஒட்டாது என்று எனக்கே தெரியும். காலைக் கலவையில், சீக்கிரம் இறுகாமலிருக்க மருந்தாவது கலக்கச் சொல்லியிருக்கலாம். அதற்கும் முதலில் வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று யோசித்திருக்க வேண்டும்.

யார் மேல் கோபப்பட? தொழப் போனவர்கள் மேலா? அவர்கள் போவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மேல்தான்.

10 மே, சனி

அறிக்கை போய்விட்டது. 'தளம் முடிந்தது.' நான்காவது வரி மஞ்சள். தயாரித்தவர் ரூபேந்திரன்.

27 மே, செவ்வாய்

இலாகா இன்ஜினியர் வந்தார். தளத்தின் மேல் தண்ணீர் கட்டச் சொன்னார். தண்ணீர் ஒரே கோடாகக் கீழே சொட்டியது. அவர் ஒன்றும் திட்டவில்லை. குடையின் நுனியால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டினார். அந்தப் பகுதி முழுவதையும் உடைத்து மறுபடி போட வேண்டும். ஏழு வாரம்.

பிரவீனா ஜொகூர் பாருவில் இருந்தாள். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வேனிலிருந்து இறங்கும்போது முகம் வெளிறிப் போயிருந்தது. சொல்லவில்லை.

4 ஜூன், புதன்

உடைக்கவும் மறுபடி போடவும் ஆகும் செலவை யார் தருவது? கம்பெனிதான். எதை வெட்டுவது என்று குணாளன் என் செலவுப் பட்டியலில் விரலை ஓட்டினார். சைட்டைச் சுற்றித் தற்காலிக வடிகாலும் இரண்டு பம்பும் இருந்தன. மழைக்காக நான் வைத்தவை. "இது எதுக்கு? மழைக்குள்ள நம்ம முடிச்சிட்டுப் போயிருவோம்லா."

"முடிக்க மாட்டோம் பாஸ்."

"உன் அட்டவணைல முடிக்கிறோம்னுதானே இருக்கு?"

ஆமாம், இருக்கிறது. நான் போட்டதுதான். வடிகால் போயிற்று.

30 ஜூலை, புதன்

இலாகா ஒப்புதல் இப்போதுதான் வந்தது, உடைப்புச் சத்தம் வீடு வரை கேட்கிறது. சனிக்கிழமை வேன் ஏறும் முன் பிரவீனா வேலியோரம் நின்று பார்த்தாளாம். "கட்டுறதுக்குத்தானே சத்தம் வரும்? இது உடைக்கிற சத்தம் மாதிரியில்ல இருக்கு." கொஞ்சம் திருத்த வேலை என்றேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கால நீட்டிப்பு கேட்டு விண்ணப்பித்திருந்தோம். மண் சரியில்லாததால் ஐந்து வாரம். அதுவாவது நியாயமான கோரிக்கை. கிடைத்தால் கம்பெனி தப்பிக்கும், வடிகாலுக்குக் கொஞ்சம் மிஞ்சும், நானும் வீட்டில் உண்மையைச் சொல்ல ஒரு சாக்குக் கிடைக்கும்.

இலாகா அதிகாரி ஓர் அம்மா. மேசையில் ஏழு தாளை வரிசையாக வைத்தார். ஜனவரி முதல் ஜூலை வரை என் அறிக்கைகள். எல்லாவற்றிலும் நான்காவது வரியை மட்டும் பென்சிலால் கட்டம் கட்டியிருந்தார். மலாயில் மெதுவாகக் கேட்டார்: ஐந்து வாரம் தாமதம் என்கிறீர்கள், அப்போதே ஏன் எழுதித் தெரிவிக்கவில்லை? ஏழு மாதமும் இது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொன்னது யார்? இந்த நிறம் யார் போட்டது?

குணாளன் என்னைப் பார்த்தார். கையெழுத்து என்னுடையது.

"நான்தான்" என்றேன்.

விண்ணப்பம் தள்ளுபடி. செப்டம்பர் 22க்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். வெளியே வந்து காடியில் ஏறும்போது குணாளன் என் முதுகில் தட்டினார். "பரவால்ல, நல்லா சமாளிச்ச." நாயே என்று சொல்ல வாய் வரை வந்தது. யாரை என்று தெரியாததால் விழுங்கினேன்.

20 ஆகஸ்ட், புதன்

பிரவீனாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஜனவரி மஞ்சளிலிருந்து.

அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைக்கவில்லை. "மார்ச்சுல நஜ்வா கூப்பிட்டப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் உறுதியான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"மத்தவங்களுக்கு என்ன கலரு வேணா காட்டுங்க. எனக்கு ஏன்?"



14 அக்டோபர், செவ்வாய்

காலண்டரில் சுற்றிய நாள். பத்து மணிக்கு வேன் வந்தது. ஏறிப் போனாள்.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று தீபாவளி. இன்று வேன். நேற்றுச் சாப்பாட்டில் உப்புக்கும் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தே அவள் நாள் போயிற்று. தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, முறுக்கை எண்ணி எனக்கு மட்டும் வைத்தாள். பாலர் பள்ளி வாண்டுகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களோடு மட்டும்தான் சிரித்தாள்.

7 டிசம்பர், ஞாயிறு

நான்கு நாளாக விடாத மழை. வடிகால் இல்லாத சைட்டில் தண்ணீர் எங்கே போகும்? தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷின் வந்து அறையில் இறங்கிவிட்டது, இணைக்கவில்லை. அந்த அறைதான் தாழ்வான இடத்தில். ஹாரூன், தொழிலாளர் தங்கும் கொங்சியிலிருந்த ஆட்களை எல்லாம் எழுப்பி மணல் மூட்டை அடுக்கினான். நானும் அடுக்கினேன். இடுப்பளவு வந்துவிட்டது. மெஷின் போயிற்று.

9 டிசம்பர், செவ்வாய்

சாலையில் வெள்ளம். அய்யாவு அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். "அலமாக், லோரியே மெதக்குது தம்பி."

11 டிசம்பர், வியாழன்

இன்றும் திரும்பிவிட்டார். சனிக்கிழமை போனதுதான் கடைசி. ஐந்து நாள். கால் வீங்கிவிட்டது. தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறாள்.

14 டிசம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை அதிகாலையில் அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சை இழுத்தாள். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர். மெஷினில் போட்டாலொழிய வேறு வழியில்லை, மெஷின் ஊரில் இல்லை, சாலை இல்லை.

அந்தக் கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே என் கட்டடம். சாரமும் மணல் மூட்டையும் தண்ணீருமாக. நாற்பது அடிகூட இருக்காது. அவள் முகமூடியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச முடியாது. கையை மட்டும் லேசாகத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினாள்.

ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன் — என்ன செஞ்சிட்டேன்டா நான்.

பத்து மணிக்குத் தீயணைப்புப் படையின் பெரிய லோரி வந்தது. அதில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் கூடவே போனேன். ஜொகூர் பாரு போய்ச் சேர ஐந்தரை மணி நேரம். பிழைத்துக்கொண்டாள். தாதி அவள் தலையைத் துடைத்துவிடும்போது என்னிடம் கேட்டாள், ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று.

10 ஜனவரி 2026, சனி

பிரவீனா தாம்போய் அக்கா வீட்டோடு போய்விட்டாள். நானே காடியில் கொண்டுபோய் விட்டேன். அக்கா என் கையிலிருந்து பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கோபப்பட அவருக்கும் உரிமை உண்டு. காலை ஷிப்ட் மார்ச்சிலேயே யாருக்கோ போய்விட்டது, திரும்பி வராது. பழைய மையத்தின் மத்தியான நாற்காலிதான். ஆனால் அங்கிருந்து பதினைந்து நிமிடம். மேல் சிகிச்சைக்கு அங்கேயே பதிய வேண்டும் என்று அடையாள அட்டையில் முகவரியையும் மாற்றிவிட்டோம்.

பாலர் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த உறையைப் பிரிக்காமலே பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

வீட்டில் பழைய காலண்டர் இன்னும் தொங்குகிறது. கழற்றவில்லை.

20 ஏப்ரல் 2026, திங்கள்

கட்டடத்தை ஒப்படைத்தோம். ஏழு மாதம் தாமதம். நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். குணாளன் மேடையில் சவால்கள் என்றார். சவால்களை அட்டவணையால் வென்றோம் என்றார். ஹாரூன் என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, குறை இருந்தால் குறிக்க வேண்டும் என்ற சாக்கில் உள்ளே போனேன். பன்னிரண்டு நாற்காலி, புது பிளாஸ்டிக் வாசம். ஏழாம் எண் ஜன்னல் பக்கம்தான். மாமரத்தைக் கிளை வெட்டிவிட்டார்கள், ஆனாலும் தெரிகிறது. குறை ஒன்றும் இல்லை. படிவத்தில் அப்படித்தான் எழுதினேன்.

6 மே, புதன்

கிளினிக் கவுண்டரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் பிரவீனாவின் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். முகவரி ஜொகூர் பாரு. முதலில் இந்த மாவட்டத்துக்காரர்கள், பிறகுதான் வெளியூர். காத்திருப்பில் முப்பத்தோராம் எண். மறுபடி முகவரி மாற்றினால்? மாற்றலாம், ஆனால் வரிசை இன்றிலிருந்துதான் தொடங்கும் என்றாள். விதியைச் சொல்கிறாள், அவளைத் திட்டி என்ன பயன்.

அய்யாவு அண்ணன் ஏழாம் எண்ணில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சிறுநீரகம் போய்விட்டதாம், இந்த வருடம்தான் தெரிந்தது. "தங்கச்சி எப்படி இருக்கு தம்பி? வேன வித்துட்டேன்" என்றார்.

13 மே, புதன்

புது வேலை. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பொது மண்டபம். மூன்று வரிக்குச் சிவப்பு போட்டு அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளை அரை நாளாக்கினேன். மாற்ற மாட்டேன் என்று குணாளனிடம் சொல்லியும் விட்டேன். அவர் சிரித்தார்.

21 மே, வியாழன்

மீட்டிங்கில் திரையில் விரிந்தது வேறு பட்டியல். மூன்று வரியும் மஞ்சள். புதிதாகச் சேர்ந்த பொறியியல் பட்டதாரிப் பையன் தயாரித்தது. அடியில் அவன் கையெழுத்து. நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தான். நான் எழுந்து இது என் பட்டியல் இல்லை என்றேன். ஓர் அதிகாரி குறித்துக்கொண்டார். மற்றவர்கள் டீ குடித்தார்கள்.

24 மே, ஞாயிறு

வியாழக்கிழமை போனில் பிரவீனாவிடம், ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றேன். அக்கா பின்னாலிருந்து, அவருக்கும் சேத்து அரிசி போடவா என்று கேட்டது காதில் விழுந்தது. பிரவீனா போனைப் பொத்தாமலே சொன்னாள். "வரட்டும்க்கா. வந்தப்புறம் உலை வைக்கலாம்."

சைட்டுக்காகத் தங்கியிருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து இன்று எட்டு மணிக்கே கிளம்பினேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கே தாம்போய் வந்துவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் காடியிலேயே உட்கார்ந்திருந்து, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் அவள்தான். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதையும் போட்டிருந்தாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். நக்கலாகச் சொல்வாள் என்று ஒரு நொடி காத்திருந்தேன். சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

அடுப்பை இன்னும் பற்ற வைத்திருக்கவில்லை. அவள் உள்ளே போய் அரிசியை அளந்தாள்.